மலைக்கு முன்னால் ஒரு கடை

நுழையும் முன்

மலையேற்றம் என்றவுடன் பனி மூடிய சிகரமும், அதன் உச்சியில் கொடி நாட்டும் வீரரும் நம் மனக்கண்ணில் தோன்றுவர். அந்த வீரரின் காலுக்கு ஏற்ற காலணியைப் பொருத்திக் கொடுத்தவர் யார்? உறைபனி இரவில் அவர் உறங்கிய பையைத் தேர்ந்தெடுக்க உதவியவர் யார்? சிகரத்தில் கால் வைக்காமலேயே சிகரம் ஏறுவோரின் உயிரைக் காப்பதில் பங்கு கொள்ளும் கடைப் பணியாளர்களைப் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரக் கடைகள்

இமாசலப் பிரதேசத்தின் மணாலி, உத்தராகண்டின் டேராடூன், லடாக்கின் லே, மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் ஒருவகைக் கடைகளைக் காணலாம். வாசலில் வண்ண வண்ண முதுகுப்பைகள் தொங்கும். உள்ளே கனத்த காலணிகள், மழைச்சட்டைகள், ஊன்றுகோல்கள், கூடாரங்கள், கையடக்க அடுப்புகள், தலையில் கட்டிக்கொள்ளும் விளக்குகள் ஆகியவை அடுக்கப்பட்டிருக்கும். சில கடைகள் இவற்றை விற்கின்றன; சில வாடகைக்குத் தருகின்றன; பல கடைகள் இரண்டையும் செய்கின்றன. பெங்களூரு, தில்லி, சென்னை போன்ற பெருநகரங்களில் பெரிய விளையாட்டுப் பொருள் அங்காடிகளும் இப்பொருள்களை விற்கின்றன.

மேலோட்டமாகப் பார்த்தால் இது துணிக்கடையையும் செருப்புக்கடையையும் ஒன்றாக இணைத்ததுபோல் தோன்றும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. துணிக்கடையில் வாங்கிய சட்டை பொருந்தாவிட்டால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். மலைக்கடையில் வாங்கிய காலணி பொருந்தவில்லை என்பதோ, பயணத்தின் மூன்றாம் நாள், சாலையே இல்லாத ஓரிடத்தில்தான் தெரியவரும். அங்கே மாற்றுக் காலணியும் கிடைக்காது. மருத்துவரும் அருகில் இருக்கமாட்டார். ஆகவே, பொருளின் குறையைக் கடையிலேயே கண்டறிந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு வாங்குபவரைவிட விற்பவரிடமே மிகுதியாக இருக்கிறது. ஏனெனில் முதன்முறை மலைக்குச் செல்பவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது.

விற்பதற்கு முன் கேட்பது

இக்கடைகளில் பணிபுரியும் நல்ல பணியாளர், "என்ன வேண்டும்?" என்று தொடங்குவதில்லை. "எங்கே செல்கிறீர்கள்? எந்த மாதம்? எத்தனை நாள்? உடன் வருபவர் யார்? இதற்கு முன் மலையில் இரவு தங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்கிறார். இக்கேள்விகளுக்கான விடைகளே எந்தப் பொருளை எடுத்துக்காட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

எடுத்துக்காட்டாக, உத்தராகண்டில் உள்ள சாங்க்ரி என்னும் சிற்றூர், கேதார்காந்தா சிகரத்துக்குச் செல்லும் பாதையின் தொடக்கத்தில் இருக்கிறது. சாங்க்ரியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,950 மீட்டர். சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 3,800 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அவ்வாறாயின், சாங்க்ரியில் 10 டிகிரி இருக்கும் வேளையில் சிகரத்தில் ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழே 2 டிகிரி இருக்கும். அதனுடன் காற்றும் வீசினால் உடல் உணரும் குளிர் இன்னும் கடுமையாகும். பள்ளியில் படிக்கும் இந்த எளிய கணக்கைக் கடைப் பணியாளர் நாள்தோறும் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கிறார்.

குளிர் மட்டுமன்றி உயரமும் ஒரு சிக்கலே. லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருக்கும். சமவெளியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர் உடனே மலையேறத் தொடங்கினால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை ஏற்படக்கூடும். ஆகவே, "வந்து எத்தனை நாளாகிறது?" என்று லே நகரக் கடைப் பணியாளர் கேட்டால், அது வெறும் உபசார வார்த்தை அன்று. வந்த நாளே பொருள் வாங்க வருபவரிடம், முதலில் ஓரிரு நாள் ஓய்வெடுக்கச் சொல்வதும் அவர் பணியில் அடங்கும்.

காலணி பொருத்துதல்

மலைப்பயணத்தில் முதலில் துன்புறுவது பாதம். அதனால் காலணி பொருத்துவதற்கு மற்றெல்லாவற்றையும்விட மிகுந்த பொறுமை தேவைப்படுகிறது. நடக்க நடக்கப் பாதம் சற்று வீங்கும் இயல்புடையது. ஆகவே, காலையைவிட மாலையில் காலணியை அளந்து பார்ப்பது நல்லது. பயணத்தில் அணியப்போகும் தடித்த காலுறையை அணிந்தே காலணியைப் போட்டுப் பார்க்க வேண்டும். விரல்களின் முன்னே சிறிது இடம் இருக்க வேண்டும். குதிகால் மேலெழும்பக் கூடாது.

சில அங்காடிகளில் சிறிய சரிவுப்பலகை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். இறங்கும்போது விரல்நுனி காலணியின் முன்பகுதியில் இடித்தால் அந்த அளவு பொருந்தாது என்று பொருள். மலையில் பல மணி நேரம் இறங்கும்போது அந்தச் சிறிய இடி, நகம் கறுத்துப்போகும் அளவுக்குத் துன்பம் தரும். ஒருவருக்குப் பொருந்தும் இணையைக் கண்டுபிடிக்க ஐந்தாறு பெட்டிகளைத் திறக்க நேரலாம். அத்தனை முறையும் பணியாளர் குனிந்து, முழந்தாளிட்டு, கயிற்றைக் கட்டி அவிழ்க்கிறார்.

காலணியின் அடிப்பகுதிக்குப் பின்னால் ஒரு துயர வரலாறு இருக்கிறது. முற்காலத்தில் மலையேறுவோரின் தோல் காலணிகளின் அடியில் இரும்பாணிகள் அடிக்கப்பட்டிருந்தன. 1935ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையில் இத்தாலிய மலையேறிகள் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களின் காலணிகள் அந்தச் சூழலுக்கு ஏற்றவையாக இல்லாததும் ஒரு காரணமாகக் கருதப்பட்டது. அவர்களின் தோழரான வித்தாலே பிரமானி, பாறையையும் பனியையும் பற்றிக்கொள்ளக்கூடிய ரப்பர் அடிப்பாகம் ஒன்றை உருவாக்கி, 1937ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் இரு பகுதிகளும் இணைந்ததே 'விப்ரம்' என்னும் பெயர். இன்றும் பல மலைக் காலணிகளின் அடியில் அப்பெயரைக் காணலாம்.

உறக்கப்பையின் மூன்று எண்கள்

ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப்பை, போர்வையும் மெத்தையும் ஒன்றானதுபோல் அமைந்தது. அது தானாக வெப்பத்தைத் தருவதில்லை. உள்ளே உறங்குபவரின் உடல்வெப்பம் வெளியேறாமல் தடுத்து வைக்கிறது. இதற்காக இரண்டு வகைப் பொருள்களை உள்ளே நிரப்புகின்றனர். ஒன்று வாத்து முதலிய பறவைகளின் தூவி. பறவையின் மென்மையான சிறு இறகைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் இது. மற்றொன்று செயற்கை இழை. தூவி எடை குறைந்தது. நன்றாகச் சுருங்கிச் சிறு பைக்குள் அடங்கும். ஆனால் நனைந்தால் ஒட்டிக்கொண்டு, வெப்பம் காக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடும். செயற்கை இழை எடை மிகுந்தது. ஆயினும் நனைந்த நிலையிலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். மழை மிகுந்த பகுதிக்குச் செல்பவருக்கும் வறண்ட லடாக்கிற்குச் செல்பவருக்கும் ஒரே பையைப் பரிந்துரைக்க முடியாது என்பது இதனால் விளங்கும்.

பன்னாட்டுத் தரமுறைப்படி சோதிக்கப்பட்ட பைகளில் பெரும்பாலும் மூன்று வெப்பநிலை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது, வசதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது, உயிர் பிழைத்திருக்க மட்டுமே உதவும் கடைசி எல்லை. ஒரு பையில் 5, 0, உறைநிலைக்குக் கீழே 15 என மூன்று எண்கள் இருப்பதாகக் கொள்வோம். பழக்கமில்லாத ஒருவர் கடைசி எண்ணைப் பார்த்து, "இது உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி வரை தாங்கும்" என்று மகிழ்ந்துவிடுவார். உண்மையில் அக்குளிரில் அந்தப் பையில் அவர் உறங்க முடியாது. சில மணி நேரம் நடுங்கியபடியே உயிரோடு இருக்கலாம். கைகால் விரல்கள் பனிக்கடியால் பாதிக்கப்படவும் கூடும்.

கடைப் பணியாளரின் நேர்மை இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. மூன்றாவது எண்ணைச் சுட்டிக்காட்டினால் பொருள் எளிதில் விற்றுவிடும். முதல் எண்ணை விளக்கினால் வாடிக்கையாளர் தயங்குவார்; வேறு கடைக்குப் போகவும் கூடும். ஆயினும் முதல் எண்ணை விளக்குவதே சரியான விற்பனை. கடைக்கும் மலைமுகாமுக்கும் இடையே பல கிலோமீட்டர் தொலைவு இருக்கலாம். சொல்லப்பட்ட சொல்லின் விளைவு அத்தொலைவைக் கடந்து சென்றுவிடும்.

ஆடையும் சுமையும்

தமிழ்நாட்டின் வெப்பத்துக்குப் பருத்தி ஆடையைவிடச் சிறந்தது வேறில்லை. குளிர்மலையில் அதே பருத்தி பகையாகிறது. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு விரைவில் உலராமல், உடலின் வெப்பத்தை அது கவர்ந்துவிடுகிறது. அதனால் மலைப்பயணத்துக்கு மூன்றடுக்கு ஆடைமுறை பரிந்துரைக்கப்படுகிறது. உடலை ஒட்டிய முதல் அடுக்கு வியர்வையை வெளியேற்றும். அது கம்பளியாலோ செயற்கை இழையாலோ ஆனது. நடு அடுக்கு வெப்பத்தைக் காக்கும். வெளி அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்கும்.

வெளி அடுக்கில் ஒரு புதிர் உண்டு. மழைநீர் உள்ளே வரக்கூடாது. ஆனால் வியர்வையின் நீராவி வெளியே போக வேண்டும். 1969ஆம் ஆண்டு பாப் கோர் என்னும் அமெரிக்கர் இப்புதிருக்கு விடை காண வழி செய்தார். ஒட்டாத தோசைக்கல்லில் பூசப்படும் அதே வகை வேதிப்பொருளைச் சட்டென்று இழுத்தபோது, அது எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட மெல்லிய படலமாக விரிவதை அவர் கண்டார். அத்துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. நீராவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. இத்தகைய அறிவியல் செய்திகளை எளிய சொற்களில் வாடிக்கையாளருக்கு விளக்குவதும் கடைப் பணியாளரின் வேலையே.

முதுகுப்பையிலும் கணக்கு உண்டு. ஆளின் உயரத்தைப் பார்த்துப் பையைத் தேர்ந்தெடுப்பதில்லை. முதுகின் நீளத்தை அளந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கழுத்தின் அடியில் புடைத்துத் தெரியும் எலும்பு முதல் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம் வரை அளவு எடுக்கப்படுகிறது. இடுப்புப்பட்டையைச் சரியாகக் கட்டினால் சுமையின் பெரும்பகுதியை இடுப்பு ஏற்கும். தோள்கள் விடுதலை பெறும். வளர்ந்தவர் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமல் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டுதல். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பள்ளிப்பை கனக்கக்கூடாது என்று கூறுவதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

திரும்பி வரும் பொருள்கள்

வாடகைக் கடைகளில் பணியின் பாதி, பொருள்கள் திரும்பி வந்தபின்தான் தொடங்குகிறது. சேறு படிந்த காலணிகளைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கூடாரத்தை விரித்து, கம்பிகள் முறிந்துள்ளனவா, துணி கிழிந்துள்ளதா, தையல் வழியே நீர் கசியுமா என்று பார்க்க வேண்டும். ஈரத்துடன் மடித்து வைத்த கூடாரம் சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும். உறக்கப்பைகளைக் காற்றாட விட வேண்டும். அவற்றை இறுகச் சுருட்டி நெடுநாள் வைத்தால் உள்ளிருக்கும் தூவி நசுங்கி, மீண்டும் உப்பும் தன்மையை இழக்கும். அதனால் கடையில் அவை தளர்வாகவே தொங்கவிடப்படுகின்றன.

பாறையேறும் கயிறும் தலைக்கவசமும் இன்னும் கவனத்துக்குரியவை. பாறையேறும் கயிறு சற்று நீளும் இயல்புடையது. ஒருவர் தவறி விழும்போது அந்த நீட்சியே அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. பலமுறை அதிர்ச்சி தாங்கிய கயிறு வெளியே புதியதுபோல் தோன்றினாலும் உள்ளே வலுவிழந்திருக்கலாம். கடும் மோதலுக்கு உள்ளான தலைக்கவசமும் அவ்வாறே. எனவே, வரலாறு தெரியாத கயிற்றைப் பயன்படுத்தக்கூடாது என்பது மலையேற்றப் பயிற்சியில் கற்பிக்கப்படும் விதி. பணியாளர் ஐயத்துக்குரிய ஒரு கயிற்றை ஒதுக்கி வைக்கும்போது கடைக்குப் பண இழப்பு ஏற்படுகிறது; முகம் தெரியாத யாரோ ஒருவர் காப்பாற்றப்படுகிறார்.

பொருளைக் கொடுக்கும்போது எச்சரிக்கைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரித்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நிறைந்து உயிரைப் பறித்துவிடும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. இச்செய்திகளைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லாமல் விட்டால் நேரும் இழப்பை எத்தனை நாளானாலும் ஈடுசெய்ய முடியாது.

பணியின் மறுபக்கம்

மலைகளை விரும்புவோர் பலர் இப்பணியை விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர். அன்றாடம் மலையைப் பற்றியே பேசலாம். புதிய பொருள்களைக் கையாளலாம். பயணம் முடித்துத் திரும்புவோரின் அனுபவங்களைக் கேட்கலாம். ஆனால் இப்பணிக்குக் கடினமான மறுபக்கமும் உண்டு.

நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சரக்குப் பெட்டிகளை இறக்கி, பிரித்து, விலைச்சீட்டு ஒட்டி, அளவுவாரியாக அடுக்க வேண்டும். ஒரு கூடாரத்தை விரித்துக் காட்டிவிட்டு, வாங்காமல் செல்பவரை நோக்கிப் புன்னகைத்து, அதை மீண்டும் மடித்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றவர்களின் விடுமுறைக்காலமே இவர்களின் உச்ச வேலைக்காலம். வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும் மக்கள் மலைக்குச் செல்கின்றனர். மலையை நேசிக்கும் பணியாளரோ கடைக்குள் நிற்கிறார்.

வருமானமும் பருவத்தைச் சார்ந்தது. மணாலியில் மே, ஜூன் மாதங்களில் கூட்டம் அலைமோதும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெருமழையும் நிலச்சரிவும் சாலைகளை அடைக்கும்போது வாடிக்கையாளர் குறைவர். லடாக் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால், லே நகரில் அதே மாதங்களில் வணிகம் சுறுசுறுப்பாக நடைபெறும். கடுங்குளிர் தொடங்கியதும் பல கடைகள் மூடப்படும். இதனால் மலையூர்களில் கடைப்பணியுடன், வழிகாட்டி, சமையற்காரர், வாகன ஓட்டுநர் என வேறொரு தொழிலையும் பலர் மேற்கொள்கின்றனர். சொந்தமாகப் பயணம் செய்த அனுபவம் இருப்பதால் அவர்களின் அறிவுரைக்கு மதிப்பு மிகுதி.

வாங்குவோரே உரிமையாளரான கடை

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாழ்ந்த லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் என்னும் தம்பதியர் மலையேற்றத்தில் ஆர்வம் கொண்டவர்கள். பனிக்கோடரி ஒன்றை உள்ளூரில் வாங்குவதைவிட ஆஸ்திரியாவிலிருந்து நேரடியாக வரவழைத்தால் விலை மிகக் குறைவு என்பதை லாயிட் கண்டறிந்தார். நண்பர்களும் தங்களுக்கு வேண்டும் என்றனர். 1938ஆம் ஆண்டு 23 மலையேறிகள் இணைந்து ஆளுக்கு ஒரு டாலர் செலுத்தி ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். அதுவே இன்று ஆர்.இ.ஐ. என்று அழைக்கப்படும் பெரிய நிறுவனமாக வளர்ந்துள்ளது. கூட்டுறவில் பொருள் வாங்கும் உறுப்பினர்களே உரிமையாளர்கள் ஆவர்.

அந்நிறுவனத்தின் முதல் முழுநேரப் பணியாளர் ஜிம் விட்டேக்கர். அவர் 1963ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் அமெரிக்கரானார். அவருடன் உச்சியில் நின்றவர் டென்சிங் நார்கேயின் மருமகனான நவாங் கோம்பு. கோம்பு 1965ஆம் ஆண்டு எம்.எஸ். கோலி தலைமையிலான இந்தியக் குழுவுடன் மீண்டும் எவரெஸ்ட் ஏறி, அச்சிகரத்தை இருமுறை அடைந்த முதல் மனிதர் என்னும் பெருமையைப் பெற்றார். டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அவர் நெடுங்காலம் பயிற்றுநராகப் பணியாற்றினார். விட்டேக்கரோ, கடையில் தொடங்கிய பயணத்தில் 1970களில் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையே ஏற்றார்.

2015ஆம் ஆண்டு அந்நிறுவனம் ஒரு புதுமையைச் செய்தது. அமெரிக்காவில் நவம்பர் மாத இறுதியில் வரும் ஒரு வெள்ளிக்கிழமை, விற்பனை மிகுந்த நாள்களுள் ஒன்று. அந்நாளில் தன் கடைகள் அனைத்தையும் மூடி, பணியாளர்களுக்கு ஊதியத்துடன் விடுமுறை அளித்து, அவர்களை வெளியே சென்று இயற்கையில் உலவச் செய்தது. மலையை விற்பவருக்கும் மலை வேண்டும் என்பதை அச்செயல் உணர்த்தியது. ஆயினும் ஒருநாள் விடுமுறை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2022ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் நியூயார்க் கடை ஒன்றின் பணியாளர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர். விருப்பமான தொழிலுக்கும் உரிய ஊதியமும் நிலையான பணிநேரமும் தேவை என்பதை எந்த நாட்டுப் பணியாளரும் மறுக்கமாட்டார்.

'வேண்டாம்' என்னும் சொல்

எந்தக் கடையிலும் விற்பனையை மிகுதிப்படுத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். மலைக்கடையும் அதற்கு விலக்கன்று. ஆனால் அங்கே சிறந்த பணியாளர் சில வேளைகளில், "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் நடைக்கு வருபவர் விலையுயர்ந்த கூடாரம் கேட்டால், "வாடகைக்கு எடுத்தால் போதும்" என்கிறார். பயணத்துக்கு முதல்நாள் புதுக்காலணி வாங்க வருபவரிடம், "பழகாத காலணி கொப்புளம் உண்டாக்கும், நன்கு பழகிய பழைய காலணி உறுதியாக இருந்தால் அதையே அணியுங்கள்" என்கிறார். போதிய குளிராடை இன்றிப் பனிக்காலப் பயணம் செல்பவரிடம், "இந்த ஏற்பாட்டுடன் செல்ல வேண்டாம்" என்று தயங்காமல் கூறுகிறார். அன்றைய விற்பனை குறையலாம். ஆனால் நலமாகத் திரும்பியவர் அடுத்த ஆண்டு அதே கடையைத் தேடி வருவார்; தம் நண்பர்களையும் அழைத்து வருவார்.

இப்பணிக்குப் பொருளறிவும் உடலுழைப்பும் போலவே மொழியறிவும் துணைநிற்கிறது. இமயமலைக்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வரும் ஒரு குடும்பத்துக்கு, உறக்கப்பையின் மூன்று எண்களை இந்தியில் விளக்கினால் பாதிதான் புரியும். தமிழில் விளக்கினால் பாட்டிக்கும் புரியும். டேராடூனிலோ சண்டிகரிலோ வளர்ந்து, இந்தியும் தமிழும் அறிந்த ஒருவர் அக்கடையில் நின்றால், அவருடைய தாய்மொழியும் ஒரு பாதுகாப்புக் கருவியாகிவிடும்.

மலையேறுபவரின் பெயர் செய்தித்தாளில் வரும். காலணி பொருத்தியவரின் பெயர் வருவதில்லை. எல்லாம் சரியாக நடந்தால் அவரை யாரும் நினைப்பதும் இல்லை. கொப்புளம் இல்லாத பாதமும், நடுக்கம் இல்லாத உறக்கமும், நலமாக வீடு திரும்பிய பயணியுமே அவர் பணியின் அடையாளங்கள்.

சொற்பொருள்

தூவி – பறவையின் மென்மையான சிறு இறகு
முழந்தாளிட்டு – முழங்காலைத் தரையில் ஊன்றி
பனிக்கடி – கடுங்குளிரால் தோலும் தசையும் உறைந்து பாதிக்கப்படுதல்
மழைமறைவுப் பகுதி – மலைகள் தடுப்பதால் மழை குறைவாகப் பெய்யும் நிலப்பகுதி
ஐயம் – சந்தேகம்

மதிப்பீடு

1. மலைக்கடைப் பணியாளர் முதலில் கேட்கும் கேள்விகள் யாவை? அவற்றை ஏன் கேட்கிறார்?
2. உறக்கப்பையில் அச்சிடப்பட்டுள்ள மூன்று எண்களும் எவற்றைக் குறிக்கின்றன?
3. 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை இருந்தால், 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள முகாமில் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்?
4. "வரலாறு தெரியாத கயிற்றைப் பயன்படுத்தக்கூடாது" என்னும் விதியின் காரணத்தை விளக்குக.

சிந்தனை வினா

ஒரு பொருளை 'வேண்டாம்' என்று சொல்லும் விற்பனையாளரால் கடைக்கு நன்மையா, இழப்பா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

உம் வீட்டருகே உள்ள கடை ஒன்றின் பணியாளரிடம் அவருடைய ஒருநாள் வேலையைப் பற்றிக் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் பேசுக.